சிம்பிளா போதும், சேச்சி

அடுத்தவர் புடவைக்கு மடிப்பு எடுத்துக் கொடுக்கிற தொழிலில் நான் படித்த பாடம் ஒன்றுதான்: 'சிம்பிளா போதும்' என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி படியேறினால், அன்றைக்கு எங்கள் வீட்டில் மத்தியானச் சோறு ஆறிப்போகும்.

எங்கள் பாறசாலைப் பக்கத்தில் இந்த வேலைக்கு இன்னும் யாரும் ஒரு நல்ல பேர் வைக்கவில்லை. கல்யாணத்துக்குப் போகிற பெண்கள் முந்தின நாளே புடவையைக் கொண்டுவந்து தருவார்கள். இடுப்பையும் உயரத்தையும் பார்த்து, கொசுவத்தையும் முந்தியையும் ஞொறி ஞொறியாக, சின்னச் சின்ன மடிப்பாக எடுத்து, இஸ்திரி போட்டு, அங்கங்கே ஊக்கு குத்தி, பெட்டி மாதிரி மடித்துக் கொடுப்பேன். மறுநாள் அதைச் சுற்றிச் செருகினால் முடிந்தது காரியம். கல்யாணப் பெண் என்றால் நானே போய் உடுத்தியும் விடுவேன். பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து, சோறு போடு, சட்டையை எடு என்று என்னை அதட்ட ஆளில்லாமல் போனபிறகு, மொபைலில் பார்த்துப் பார்த்துப் படித்த வேலையாக்கும் இது. பத்தாம் கிளாஸில் கணக்குப் பரீட்சை அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தது. இப்போது ஊரார் இடுப்பையெல்லாம் நான் கணக்குப் பார்க்கிறேன்.

சமையலுக்குப் போகிறவர்கள், பந்தல் போடுகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள் என்று கல்யாண வீட்டுக்குள் பின்வாசல் வழியாக நுழைகிற என் சொந்தங்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முன்வாசல் வழியாக வருகிறவர்களுக்கு இது புரியாது.

என் மகள் ஜெனிஷா திருவனந்தபுரத்தில் நர்ஸ். அவளுக்குக் கல்யாணம் உறுதியான அன்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள்: "அம்மா, எனக்குப் பெரிய ஹாலும் வேண்டாம், பத்துப் புடவையும் வேண்டாம். சிம்பிளா போதும். எனக்க புடவையை நானே உடுத்திக்கிடுவேன். ஆனா ஒண்ணு. அன்னைக்கு நீ அம்மாவாட்டு முன் பெஞ்சில இருக்கணும். ஊக்கையும் இஸ்திரிப்பெட்டியையும் தொடப்பிடாது. பெரியம்மைக்க மகளுக்குத் தாலி கெட்டினதை நீ பாத்தியா?"

பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நான் பக்கத்து அறையில் குனிந்து, தரையில் விழுந்த ஊக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "சரி மக்கா, தொடமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த கையோடு முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இந்த வாக்கை நீர்தான் காக்கவேணும். எனக்கு என் கை மேல் நம்பிக்கை இல்லை" என்று ஜெபம் பண்ணினேன்.

அன்றிலிருந்து அந்த 'சிம்பிள்' என்ற சொல் எனக்குச் செருப்பில் குத்திய முள் மாதிரி ஆகிவிட்டது. யார் சொன்னாலும், இவள் என்ன அர்த்தத்தில் சொல்கிறாள் என்று நின்று யோசித்தேன். யோசித்து நான் பட்ட பாடு இது.

கை பட்டது தெரியப்பிடாது

ஆரியங்கோட்டில் ஒரு ரப்பர் தோட்டத்து வீடு. பெண் பெங்களூரில் வேலை பார்க்கிறவள். "சேச்சி, சிம்பிளா போதும். காலம்பற எழும்பி நானே எடுத்துச் சுத்தின மாதிரி இருக்கணும். ஒருத்தருக்க கை பட்டதாட்டுத் தெரியப்பிடாது" என்றாள். இது எவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்குத் தெரியாது, பாவம். பத்து ஊக்கு தெரியக் குத்துவது சுலபம். ஒரு ஊக்கும் தெரியாமல் குத்த வேண்டும் என்றால் துணிக்குள்ளே துணி வைத்துக் குத்த வேண்டும். மடிப்பை முதலில் கத்தி மாதிரி நிறுத்தி, பிறகு அது தானாக விழுந்தது போலத் தோன்ற விரலால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைக்க வேண்டும். கலைத்தது கூடிப்போனால் மறுபடியும் முதலிலிருந்து.

விடிவதற்குள் தொடங்கி, வீட்டார் எல்லோரும் காப்பி குடித்து, இலை எடுத்து, வேன் வந்து ஹாரன் அடிக்கிறபோதுதான் முடித்தேன். என் இடுப்பு என்னுடையதாக இல்லை. அப்போது பெண்ணின் அத்தை வந்தார். பெண்ணைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு பெண்ணின் அம்மாவிடம் சொன்னார்: "இதுக்கா வண்டி விட்டு ஆளைக் கூட்டிட்டு வந்திய? நான் நின்ன நிப்பில சுத்தி விட்டிருப்பனே!"

டீச்சர் சொன்ன அர்த்தம்

செங்கல் என்கிற ஊரில் இருந்து சிந்து டீச்சர் வந்தார். காலேஜில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவர். பெரிய பரம்பரைத் தறவாட்டுப் பிள்ளைமார் வீடு. தம்பி கல்யாணத்துக்கு ஒரு பட்டுப்புடவை கொண்டுவந்து, "எனக்கு சிம்பிளா போதும் சேச்சி" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல ஆள் கையில் கிடைத்தது என்று நினைத்து, இஸ்திரிப்பெட்டி சூடாகிற நேரத்தில் கேட்டே விட்டேன். "டீச்சர், இந்த சிம்பிள் சிம்பிள்னு எல்லாரும் சொல்லியாவளே, அதுக்கு அர்த்தம் என்னவாக்கும்?"

"எளிமைதான்" என்றார். அது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். "அவங்க எளியவங்களாக்கும்" என்று அம்மா சொன்னால், அந்த வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு கூடுதலாக வை என்று அர்த்தம். மலையாளத்தில் ஜெபம் பண்ணுகிறவர்கள் எளிம என்று சொன்னால் அது தாழ்மை. ஒரே சொல் இங்கே பசி, அங்கே பக்தி. இப்போது வருகிற பெண்களுக்கோ அது ஃபேஷன். இதைச் சொன்னதும் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "சேச்சி, இது உங்க தொழில்ல இருந்து வந்த சொல்லாக்கும். பழைய லத்தீன் பாஷையில அதுக்கு 'ஒரு மடிப்பு'ன்னு அர்த்தம். ஒரே ஒரு மடிப்புன்னா உள்ள ஒண்ணையும் ஒளிச்சு வைக்க முடியாது, பாத்தா எல்லாம் தெரியும். அதுதான் சிம்பிள். ரெண்டு மடிப்பு ஆனா டூப்ளிக்கேட். எல்லாத்தையும் சேத்துச் சுருட்டி மடிச்சா காம்ப்ளிகேட்டட். எல்லாம் மடிப்புதான்."

எனக்குப் புல்லரித்தது. கையில் இருந்த பட்டைப் பார்த்தேன். இத்தனை நாளும் நான் செய்தது முழுக்க முழுக்க காம்ப்ளிகேட்டட் வேலை! படித்தவர் சொன்னால் உடனே கீழ்ப்படிகிற சுபாவம் எனக்கு உண்டு. எடுத்து வைத்திருந்த ஞொறியை எல்லாம் உதறிவிட்டு, "அப்போ டீச்சர், உங்க முந்தியை ஒரே மடிப்பா விட்டிரட்டா?" என்று கேட்டேன். டீச்சர் நாற்காலியில் இருந்து துள்ளி எழுந்தார். "அய்யோ சேச்சி, அர்த்தம் அர்த்தத்தோட இருக்கட்டு! எனக்கு ஞொறி ஒண்ணு கூடினாலும் குறையப்பிடாது!"

உள்ளி

ஊருக்கெல்லாம் ஞொறி எடுக்கிறேனே தவிர, என் புடவையை நான் இடுப்பில் ஒரு சொருகு சொருகுவதோடு சரி. நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்கு அப்படித்தான் போய் இறங்கினேன். பழைய காட்டன், ரப்பர் செருப்பு, கையில் துணிப்பை. பின்வாசலில் மேற்பார்வைக்கு நின்ற ஒருவர் என்னைப் பார்த்ததும், "இப்போதான் வாறியா? வேகம் ஆகட்டு" என்று ஒரு கத்தியையும் ஒரு கூடை சின்ன உள்ளியையும் என் மடியில் வைத்தார். தீயல் குழம்புக்கு வெங்காயமாம்.

நான் வேறு வேலைக்கு வந்தவள் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவர் போய்விட்டார். பெண் இன்னும் குளித்திருக்க மாட்டாள், சும்மா இருக்கிற கை பிசாசின் கை, அதுவரைக்கும் உரிக்கலாமே என்று உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண்கள் நல்ல ஸ்நேகமானவர்கள். பிள்ளைகள் படிப்பு, முட்டுவலி, பேத்தியின் மாமியார் என்று பேச்சு நீண்டது. கூடையும் காலியாகிக்கொண்டு வந்தது. உள்ளே பெண்ணின் அம்மா என்னை ஃபோனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஃபோன் துணிப்பைக்குள் கிடந்து தானே பாடி ஓய்ந்தது.

கடைசியில் அவரே தேடி வந்து, தலையில் கையை வைத்துக்கொண்டு, என்னை இழுத்துக்கொண்டு போனார். புளி தேய்த்துக் கை கழுவியும் வாசம் போகவில்லை. கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பெண்ணுக்குக் கொசுவம் வைத்தேன். அந்தப் பிள்ளை குனிந்து என் முகத்தைப் பார்த்தது. "அழாதீங்க சேச்சி! நீங்க அழுதா எனக்கும் அழுகை வரும், மேக்கப் எல்லாம் போயிரும்!"

ஒரே நிறம்

அன்று சாயங்காலம் ஜெனிஷா என் கையை முகர்ந்து பார்த்து, சோப்பை எடுத்து அதில் வைத்துவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரிகாரமாகக் கொஞ்சம் சபைக் காரியத்தில் ஈடுபடலாம் என்று நினைத்தேன். அங்கேயும் எளிமை எனக்காகக் காத்திருந்தது.

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில், ஆண்டு விழாவுக்கு ஆடம்பரம் வேண்டாம், எல்லோரும் ஒரே மாதிரி எளிமையான காட்டன் புடவை, சந்தன நிறம், மெல்லிய பச்சைக் கரை என்று தீர்மானம் போட்டார்கள். கைதட்டி நானும் வரவேற்றேன். காட்டன் புடவை இஸ்திரி இல்லாமல் குடை மாதிரி நிற்கும் என்பது வீட்டுக்குப் போனபிறகு அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. மறுநாள் அத்தனை எளிமையும் என் வீட்டு வராந்தாவில் வந்து குவிந்தது. ஒவ்வொருத்தர் இடுப்பையும் அளந்து, ஒவ்வொன்றுக்கும் அளவாக மடிப்பு எடுத்தேன். எது யாருடையது என்று எனக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்பினேன். ஆளுடைய முகம் எல்லாம் ஞாபகம் இருந்தது. புடவைக்குத்தான் முகம் இல்லை.

புடவைகள் மாறிப்போனது விழா அன்று உடுத்தும்போதுதான் தெரிந்தது; பிரித்து மறுபடி மடிக்க நேரம் இல்லை, பாட்டுக்குப் பேர் கூப்பிட்டுவிட்டார்கள். நல்ல ஆகிருதியான செயலாளர் கிரேஸ் அக்காவுக்கு, நூல் மாதிரி இருக்கிற தங்கத்தின் புடவை. கொசுவம் நிறைய இருந்தது, இடுப்பைச் சுற்றத் துணி எட்டியும் எட்டாமலும் நின்றது. தங்கத்தின் வயிற்றிலோ கிரேஸ் அக்காவின் இடுப்புக்கு விட்ட துணி தலையணை மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தாழ்மையைப் பற்றி ஒரு பாட்டுப் பாடி முடித்தார்கள். இறங்கி வந்த கிரேஸ் அக்கா நேராக என்னிடம் வந்து கேட்டார்: "ஸ்டெல்லாபாய், எளிமைன்னா எனக்கும் தங்கத்துக்கும் ஒரே இடுப்புன்னு உனக்கு ஆரு சொன்னா?"

கெட்டிக்காரி

ஜெனிஷாவின் கல்யாணம் நெருங்கியது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மந்திரகோடி என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டார் எடுக்கிற பட்டுப்புடவை அது. கோயிலில் தாலி கட்டியபிறகு போதகர் அதை ஆசீர்வதித்துக் கொடுக்க, மாப்பிள்ளை பெண்ணின் தலையில் அதைப் போடுவார். ஆராதனை முடிந்ததும் பெண் பக்கத்து அறைக்குப் போய் அந்தப் புடவைக்கு மாறி, விருந்துக்கு வருவாள். மருமகன் ப்ரவீனின் அம்மா, ஜாக்கெட் தைப்பதற்காக அந்த மந்திரகோடியை முன்கூட்டியே எங்கள் வீட்டில் கொடுத்திருந்தார். அதைத் திரும்பக் கொண்டுபோக, கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆள் வருவதாக ஏற்பாடு.

அன்று மத்தியானம் அந்தப் பட்டை எடுத்துப் பார்த்தேன். எனக்கு அந்தப் பக்கத்து அறைதான் கண்ணில் நின்றது. வெளியே பந்தி காத்திருக்கும். உள்ளே பிள்ளை இந்த வழுக்குகிற பட்டோடு தனியாக மல்லுக்கட்டும். நானோ தொடக்கூடாது. அப்போது எனக்கு ஒரு வெளிச்சம் கிடைத்தது. வாக்குக் கொடுத்தது நாளைக்குத்தானே? இன்றைக்குத் தொடலாமே! கதவைச் சாத்திக்கொண்டு, என் வாழ்நாளில் எடுத்ததிலேயே அழகான ஞொறியை எடுத்தேன். ஒன்று கலையாமல் இருக்க ஊக்கு மேல் ஊக்கு குத்தினேன். பெட்டி மாதிரி மடித்து, பழைய கவருக்குள்ளேயே வைத்து, வந்த ஆளிடம் கொடுத்து அனுப்பினேன். வாக்கும் மீறவில்லை, கடமையும் தவறவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே காப்பி போட்டேன். என் வீட்டுக்காரர் காப்பியை வாங்கி, என் முகத்தைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா நீ இந்த அளவுக்குச் சந்தோசமா இருந்தா, எங்கேயோ ஒரு தப்பு உண்டு."

முன் பெஞ்சு

முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். இந்தக் கோயிலில் இத்தனை வருஷம் கல்யாணத்துக்கு வந்திருக்கிறேன், பலிபீடம் இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜெனிஷா சொன்னபடி தானே உடுத்தி வந்து நின்றாள். இடது தோளில் முந்தி ஒரு விரலளவு சரிந்திருந்தது. என் கால் எழும்பப் பார்த்தது. பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து அதை உட்கார வைத்தேன். ப்ரவீன் தாலியை எடுத்தார். எடுத்தது தெரிந்தது. அதற்குப் பிறகு கண்ணில் தண்ணீர் நிறைந்து எல்லாம் கலங்கிவிட்டது. பக்கத்து அறையில் குனிந்து நின்றாலும் சரி, முன் பெஞ்சில் நிமிர்ந்து இருந்தாலும் சரி, தாலி கட்டுவது எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறது போல.

கண்ணைத் துடைத்தபோது தட்டில் மந்திரகோடி வந்தது. பளிச்சென்று, சதுரமாக, ஒரு கேக் மாதிரி. நேற்றுக் குத்திய ஊக்கெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. போதகர் ஜெபித்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். ப்ரவீன் ஓரத்தைத் தேடினார். இல்லை. திருப்பினார். அங்கேயும் இல்லை. கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். பிறகு, பாவம், வேறு வழி தெரியாமல் அதை அப்படியே ஜெனிஷாவின் தலையில் வைத்தார். செங்கல் சுமக்கிறவள் மாதிரி என் மகள் கழுத்தை ஆட்டாமல் நின்றாள்.

"விரிச்சுப் போடணும் மோனே" என்றார் போதகர், தாழ்ந்த குரலில்.

"விரியல்ல அச்சா" என்று போதகரிடம் சொன்னார் மாப்பிள்ளை. மைக் இருந்தது யாருக்கும் ஞாபகம் இல்லை. கோயில் முழுக்கக் கேட்டது.

மாப்பிள்ளையின் அக்கா ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். பட்டு 'சர்' என்றது. எதிர் பெஞ்சில் இருந்து ப்ரவீனின் அம்மா, "பைய, பைய! மந்திரகோடி கீறிரப்பிடாது!" என்று எழும்பி நின்றார். ஊக்கு எங்கே எங்கே இருக்கிறது என்று அந்தக் கோயிலில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளோ இன்றைக்குத் தொடமாட்டேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தவள். பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஜெனிஷாவைப் பார்த்தேன். அவள் பையத் திரும்பினாள். கோபம் இருக்கும் என்று பயந்தேன். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, வா" என்றாள்.

போனேன். கை தானாக வேலை செய்தது. உள்ளே ஒன்று, ஓரத்தில் ஒன்று, முந்தியில் வரிசையாக, கொசுவத்தில் அடுக்காக. போதகர் ஒரு பக்கம் பிடித்தார், மாப்பிள்ளை ஒரு பக்கம் பிடித்தார். கடைசி ஊக்கை எடுத்ததும் பட்டு முழுசும் குளிர்ந்து வழிந்து என் கைமேல் விழுந்தது. மாப்பிள்ளை அதை விரித்து ஜெனிஷாவின் தலையில் போட்டார். நான் ஒதுங்க மறந்து அங்கேயே நின்றேன். அவள் கழுத்தில் புதுத் தாலி, முடிச்சு, நூலின் பிசிறு எல்லாம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எந்தப் பெஞ்சில் இருந்த அம்மாவும் அவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டாள். ஆண்டவருக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்ல வாயைத் திறக்கப் போனேன். அப்போது பட்டுக்குள் இருந்து என் மகளின் குரல் வந்தது: "அம்மா, வாயில வச்சிருக்க ஊக்கை எல்லாம் வெளியே எடு, ஃபோட்டோ பிடிக்காவ!"

சொல்வதற்குள் பிடித்துவிட்டார்கள்: மகள் தலைமேல் பட்டு, மருமகன் முகத்தில் வேர்வை, நடுவில் ஊக்குகளைக் கவ்விக்கொண்டு நான் என்று அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது, இதைவிட சிம்பிளாக ஒரு கல்யாணம் நடத்த எனக்குத் தெரியாது.